மூன்று மொழியில் ஒரு கார்டு

பழவேற்காடு
11.6.2007

அன்புள்ள ஜெனி,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீ எனக்காக ஆர்டர் போட்ட களிம்பு போன மாதம் வி.பி.பி. தபாலில் வந்து சேர்ந்தது. நாற்பது நாளில் நிறம் திரும்பும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. இடது கணுக்காலுக்கு மேல் இருக்கும் அந்த வெள்ளை அப்படியே இருக்கிறது, சுற்றியிருக்கும் தோல்தான் எரிகிறது. அது போகட்டும்.

சனிக்கிழமை எனக்குத் தபாலில் மூன்று கார்டு வந்தது. உறை கிடையாது, திறந்த கார்டு. ஒன்று இங்கிலீஷ், ஒன்று இந்தி, ஒன்று நல்ல தமிழ். மூன்றிலும் ஒரே படம், திட்டுத் திட்டாய் வெளுத்த இரண்டு கால். மேலே கொட்டை எழுத்தில், "ஹஸ்னா அவர்களே, உங்கள் வெண்புள்ளிகள் இப்போது எப்படி இருக்கின்றன?" கீழே என் பெயர், என் முகவரி, கேர் ஆஃப் அசன் முகைதீன் ஸ்டோர்.

எங்கள் தெருவுக்குத் தபால் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். தபால்காரர் ஆதிகேசவன் உள்ளே வரவே மாட்டார். தபால் கட்டை அப்படியே அசன் முகைதீன் கடைப் பலகையில் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். தெருவில் யார் கடைக்குப் போனாலும் கட்டைப் புரட்டி, தன் வீட்டுக்கு உண்டா, பக்கத்து வீட்டுக்கு உண்டா என்று பார்ப்பார்கள். நான் உப்பு வாங்கப் போனபோது கடைக்காரர் மூன்றையும் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா ஹஸ்னா, ஒரே கார்டு மூணு வந்துகீது? ஒண்ணு போட்டா பத்தாதா அவனுக்கு?" என்றார். நல்லவேளை, அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி எனக்கு நிக்காஹ். இந்த வெள்ளை உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உம்மாவுக்குக்கூடத் தெரியாது. மாப்பிள்ளை சஹாபுதீனுக்குப் பொன்னேரியில் செருப்புக் கடை. ஊரில் அத்தனை தொழில் இருக்க, காலைப் பார்த்தே பிழைக்கிற மனிதர்தான் எனக்கு வாய்க்க வேண்டுமா? சிரிக்காதே. எனக்கு அழுகை வருகிறது.

எங்கள் வீட்டு போன் கூடத்தில் உம்மா காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எஸ்.டி.டி. பூத்தும் அதே கடையில்தான். அதனால்தான் எழுதுகிறேன். எப்படியாவது இதை நிறுத்து.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
14.6.2007

அன்பு ஹஸ்னா,

உன் கடிதம் கிடைத்தது. தப்பு என்னுடையதுதான். எப்படி நடந்தது என்று சொல்கிறேன், அப்புறம் திட்டு.

பைப் கம்பெனி ஸ்டோரில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். லாரி உள்ளே வந்தால் ஒரு தாள், அதில் டிக் அடிக்க நாற்பத்திரண்டு பெட்டி. ஒரு பெட்டி டிக் இல்லாமல் விட்டால் லாரி கேட்டிலேயே நிற்கும், டிரைவர் என் தலையில் ஏறுவான். ஐந்து வருஷமாக, பெட்டியைப் பார்த்தால் கை தானாக டிக் போடும். அந்த இன்டர்நெட் ஃபாரத்திலும் பெட்டி பெட்டியாக இருந்தது. உங்களுக்குச் சலுகை விவரம் அனுப்பலாமா, தபாலில் அனுப்பலாமா, எங்கள் கூட்டாளிக் கம்பெனிகளுக்கு உங்கள் முகவரியைத் தரலாமா, எந்த மொழியில் வேண்டும். எல்லாவற்றிலும் டிக் அடித்தேன். ஒன்று விட்டால் உன் மருந்து வராது என்று நினைத்தேன். மூன்று மொழிக்கும் அடித்திருக்கிறேன் பார், பாவி.

நேற்றே அவர்களுக்கு ஈமெயில் போட்டுவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு இனிமேல் எதுவும் அனுப்ப வேண்டாம், குடும்பத்தில் பிரச்சினை ஆகும் என்று விவரமாக, உன் முழு முகவரியும் தெளிவாக எழுதியிருக்கிறேன். நின்றுவிடும், பயப்படாதே.

ஒரு சந்தோஷமும் சொல்ல வேண்டும். தானியேல் வீட்டில் சம்மதம். அவன் அம்மா ஆரோக்கியமேரி வேப்பம்பட்டிலிருந்து ரயில் ஏறி வந்து என் கழுத்தில் ஜெபமாலை போட்டுவிட்டுப் போனார்கள். ஜூலை பதினைந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிப்பார்கள். மூன்று வாரம் மூன்று ஓலை, யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் கல்யாணம். எனக்கு யார் ஆட்சேபம் சொல்லப் போகிறார்கள்?

ஜெனி


பழவேற்காடு
25.6.2007

ஜெனி,

நின்றுவிடும் என்று எழுதினாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும், என்ன செய்து வைத்தாய்? முன்பு வாரத்துக்கு மூன்று வந்தது. இப்போது தினமும் வருகிறது. அந்தக் கம்பெனி மட்டுமில்லை. முடி உதிர்வுக்கு ஒருவன், உடம்பு இளைக்க ஒருவன், "தோல் நோயால் திருமணம் தடைப்படுகிறதா?" என்று ஒருவன். உன் ஈமெயிலைப் படித்து, சரி, இந்த முகவரியில் நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்களா?

தபால் பதினோரு மணிக்கு வரும். பத்தே முக்காலுக்கே நான் கடையில் நிற்கிறேன். சும்மா நிற்க முடியுமா? ஒரு எலுமிச்சம்பழம் வாங்குகிறேன். இன்றோடு பன்னிரண்டு எலுமிச்சம்பழம். உம்மா ஊறுகாய் போட்டுவிட்டு, "நிக்காஹ் வச்ச பொண்ணு தெனமும் கடை வாசல்ல இன்னாடி பண்ற?" என்று கேட்கிறாள். அண்ணன் பைசல் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள். மாப்பிள்ளையின் தங்கை மாஹிரா துணி அளவு எடுக்க வந்தாள். உம்மா அன்று என்னைக் கடைக்கு விடவில்லை. மாஹிரா வரும்போது கடையில் கேட்டு, எங்கள் வீட்டுத் தபாலையும் கையோடு எடுத்து வந்துவிட்டாள். மின்சார பில், வாப்பாவுக்கு ஒரு கடிதம், அதற்கு நடுவில் கார்டு. பார்த்ததும் நான் கையிலிருந்த ஷர்பத்தை அவள் மடியில் கொட்டினேன். வேண்டுமென்றேதான் கொட்டினேன். அவள் எழுந்து உதறிய நேரத்தில் கார்டை என் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். இன்றைக்கு ஷர்பத் இருந்தது. நாளைக்கு என்ன செய்வேன்?

இரண்டு வருஷமாகச் சாக்ஸ் போட்டு, பாவாடையைத் தரையில் இழுத்து நடந்து, யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். நீ ஒரு டிக்கில் ஊருக்கே அச்சடித்து அனுப்பிவிட்டாய். எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. நிறுத்த முடியாது என்றால் அதையாவது சொல்லிவிடு. நான் இந்த நிக்காஹே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
29.6.2007

ஹஸ்னா,

நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

ஃபாரத்தில் நான் கொடுத்த ஸ்டோர் மெயிலிலும் அவர்கள் விளம்பரம்தான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது வருகிறது. லாரிக்காரன் மெயிலைத் தேடி எடுக்க முடியவில்லை என்று மேனேஜர் அரசப்பன் சார் என் மேசைக்கே வந்து கத்தினார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத் தேடி நிறுத்தச் சொன்னேன். ஒன்றை நிறுத்தினால் இரண்டு வருகிறது.

கடைசியில் டப்பாவில் இருந்த நம்பருக்கு என் செல்லிலிருந்து போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டு நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "ரிமூவ் பண்ண முடியாது மேடம், அப்டேட் மட்டும்தான் பண்ண முடியும்" என்றாள். அழுதேன், கெஞ்சினேன். "அப்டேட் பண்ணணுமா, வேணாமா மேடம்? லைன்ல நெறைய பேர் இருக்காங்க" என்றாள். எல்லாக் கம்பெனிக்கும் இங்கிருந்துதான் பட்டியல் போகிறது, இங்கே மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்றும் அவளே சொன்னாள்.

மாற்றிவிட்டேன். பெயரையும் முகவரியையும் மாற்றிவிட்டேன். இன்னும் ஒரு வாரம் கடைக்குப் போ, அதற்கப்புறம் வராது. யார் பெயர் கொடுத்தாய் என்று கேட்காதே. உனக்கு அது தேவையில்லை.

ஜெனி


பழவேற்காடு
16.7.2007

என் தங்கமே ஜெனி,

பத்து நாளாக ஒரு கார்டும் இல்லை! முந்தாநாள் பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தேன், ஆதிகேசவன் போட்ட தபால் கட்டுக்குள் எனக்கு ஒன்றுமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் எலுமிச்சம்பழம் வாங்காமல் கடலைமிட்டாய் வாங்கித் தின்றுகொண்டே வந்தேன். உன்னை என்னவெல்லாம் எழுதிவிட்டேன். பயத்தில் எழுதியது, மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். காலுக்கு மருதாணி நீதான் போட வேண்டும். வேறு யாரையும் என் காலைத் தொட விடமாட்டேன். கணுக்கால் முழுக்கப் பூ, கொடி என்று அடர்த்தியாக இழுத்துவிடு, ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் சஹாபுதீனிடம் நானே மெல்லச் சொல்லிக்கொள்வேன். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது. சொல்லிவிடுவேன் ஜெனி, நிக்காஹ் மட்டும் முடியட்டும்.

நேற்று உனக்கு முதல் ஓலை வாசித்திருப்பார்களே? தானியேல் முகம் எப்படி இருந்தது? எல்லாவற்றையும் எழுது. அந்தப் புதுப் பெயர் யாருடையது? இல்லாத ஒரு பெயர்தானே கொடுத்தாய்? பாவம், எந்த ஊர்த் தபால்காரன் தேடிக்கொண்டு அலைகிறானோ.

உன் ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
23.7.2007

ஹஸ்னா,

மருதாணி போட என்னால் வர முடியாது. ஸ்டோரில் கணக்கெடுப்பு. கோபப்படாதே.

முதல் ஓலை வாசித்தார்கள். நேற்று இரண்டாவது வாசிக்கவில்லை. தானியேல் வீட்டில் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்கிறார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இந்த விலாசத்துக்கு இனிக் கடிதம் போடாதே. ஒருவேளை அறை மாற்றுவேன். நீ நன்றாக இரு. காலில் அந்தக் களிம்பைப் போடாதே, எரிகிறது என்றாயே.

ஜெனி


பழவேற்காடு
29.7.2007

ஜெனி,

போடாதே என்று சொன்ன விலாசத்துக்கே போடுகிறேன். நேற்று நான் உன் அறைக்கு வந்தேன்.

நிக்காஹ் பத்திரிகை கொடுக்கத்தான் வந்தேன். பைசல் பைக்கை முனையில் நிறுத்திவிட்டு நின்றான். நீ வேலைக்குப் போயிருந்தாய். வீட்டுக்கார அம்மா மணியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஜெனிபர் சிநேகிதி என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிநேகிதியா? இன்னாம்மா, ஒனக்குத் தெரியாதா? அதுக்கு வெண்குஷ்டம்மா. தெனமும் கார்டு வந்துகினே கீது. நாலு பொண்ணுங்க ஒரே ரூம்ல கீதுங்க, ஒட்டிக்கினா யாரு பதில் சொல்றது? டம்ளரு, தட்டு எல்லாம் தனியா வச்சிட்டேன். மாசக் கடைசிக்குக் காலி பண்ணுன்னு சொன்னேன், பதினஞ்சாம் தேதி வரிக்கும் டைம் கேட்டுகீது."

சுவரில் கம்பியில் குத்தி வைத்திருந்தார். எல்லாம் அதே கார்டு. "ஜெனிபர் அவர்களே, உங்கள் வெண்புள்ளிகள் இப்போது எப்படி இருக்கின்றன?" தமிழ், இந்தி, இங்கிலீஷ். மூன்று மொழியிலும் உன் பெயர்.

அது வியாதியே இல்லை, ஒட்டாது, பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டர் நம் இருவரிடமும் சொன்னாரே. அதையாவது நான் சொல்லியிருக்கலாம். என் கால் சாக்ஸுக்குள் இருந்தது. அந்த அம்மாவின் முறத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை ஜெனி. பைசல் முனையில் நிற்கிறான் என்று நினைத்தேன். நிக்காஹுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று நினைத்தேன். "அப்படியா" என்றேன். பத்திரிகையைக்கூடக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் உன் பெயரைக் கொடுத்தாய்? இத்தனை பெயர் இருக்கிறதே உலகத்தில்?

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
1.8.2007

ஹஸ்னா,

இல்லாத பெயரும் இல்லாத முகவரியும் கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் ஏற்கவில்லை. முகவரி தப்பென்று கார்டு திரும்பி வந்தால் பழைய பெயருக்கே போய்விடும் என்றாள். பழைய பெயர் நீ. வேறு ஒருத்தி தலையில் கட்டவும் மனசில்லை. டிக் அடித்தவள் நான், எனக்கு வரட்டும் என்று என் பெயரைச் சொன்னேன். எனக்குத்தான் புள்ளியே இல்லையே, யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

முதல் ஓலை வாசித்த மறுநாள் ஆரோக்கியமேரி அம்மா கல்யாணப் புடவை கொண்டு வந்தார்கள். மணியம்மாள் கம்பியைக் காட்டினார். இல்லை அம்மா, எனக்கு எதுவும் இல்லை என்றேன். "காட்டு" என்றார்கள். கதவைச் சாத்தி, இரண்டு பேரும் என்னை நிற்கவைத்து, விளக்கைப் போட்டு, முதுகு, தொடை, அக்குள் என்று எல்லா இடமும் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு புள்ளி கிடைக்கவில்லை. அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. "மருந்து போட்டு மறைச்சிக்கினு கீது. இல்லாதவளுக்கு எவனாவது தெனமும் கார்டு போடுவானா?"

ஆரோக்கியமேரி அம்மா புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பங்குச் சாமியாரிடம் சொல்லி இரண்டாவது ஓலையை நிறுத்திவிட்டார்கள். தானியேலுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "அம்மா பேஜார் பண்ணுது, இப்ப எதுவும் பேச முடியாது" என்றான். எங்கள் வீட்டில் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை. ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் நாற்று நட்டவள், மகள் கல்யாணத்துக்கு முதல் தடவையாகக் கோயிலில் முன் பெஞ்சில் உட்காரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் உன் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மரம் இல்லை ஹஸ்னா. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

வருகிற பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆர்.கே.பேட்டையில் வேறு பெண் பார்க்கப் போகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அதற்குள் தானியேலிடம் மட்டும், அவன் ஒருவனிடம் மட்டும், உண்மையைச் சொல்லட்டுமா? நீ வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். சத்தியம்.

ஜெனி


பழவேற்காடு
5.8.2007

ஜெனி,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். வேண்டாம்.

தானியேலிடம் சொன்னால் அவன் அவன் அம்மாவிடம் சொல்வான். அவர்கள் மணியம்மாளிடம் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டியில் சொன்னால் பொன்னேரிக்கு வர எத்தனை நேரம் ஆகும்? இங்கே வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. வாப்பா மீன் வலைக் கம்பெனியில் கடன் சொல்லி விருந்துக்கு ஆடு பேசிவிட்டார். உம்மா நேற்று என் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். பதினான்கு நாள்தான். பத்தொன்பதாம் தேதி முடிந்ததும் நானே தானியேல் வீட்டு வாசலில் வந்து நின்று சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். உன் காலில் விழுகிறேன்.

பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு சொல்லி என்ன பயன் என்று நீ கேட்பாய். எனக்கும் தெரிகிறது. தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். என்னை மன்னிக்காதே.

ஹஸ்னா


பழவேற்காடு
8.8.2007
(தபால் கார்டு)

பெறுநர்: ஜெனிபர், கேர் ஆஃப் மணியம்மாள், கும்மிடிப்பூண்டி

ஜெனி,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. இந்தக் கார்டை மணியம்மாள் அம்மா முதலில் படிக்கட்டும். படித்துவிட்டு அதே கம்பியில் குத்தி வைக்கட்டும். ஆரோக்கியமேரி அம்மாவுக்கும் பன்னிரண்டாம் தேதிக்குள் காட்டட்டும். வேப்பம்பட்டு விலாசம் எனக்குத் தெரியாது.

வெண்புள்ளி ஜெனிபருக்கு இல்லை. எனக்கு. மருந்து எனக்காக வாங்கியது. என் பெயரில் வந்த கார்டுகளை என் கல்யாணத்துக்காகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். நம்பாதவர்கள் பழவேற்காட்டுக்கு வரலாம், காட்டுகிறேன். ஒட்டாது, தொட்டும் பார்க்கலாம்.

இதை அசன் முகைதீன் கடைப் பலகையில் வைத்து எழுதுகிறேன். இன்று அவர் கண்ணாடி போட்டிருக்கிறார். இதே போல இன்னொரு கார்டு பொன்னேரி செருப்புக் கடைக்கும் எழுதி முடித்துவிட்டேன். உம்மாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அந்தக் கம்பெனிக்காரன் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தான், யாரும் பதில் சொல்லவில்லை. என் வெண்புள்ளி நன்றாக இருக்கிறது. இடது காலில், கணுக்காலுக்கு மேலே.

ஹஸ்னா